மெட்டி போடாத கால்

காஹாங்
4-5-2025

மருமகளாக வரப்போகும் லோஷினிக்கு,

போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் டப்பென்று வைத்துவிடுகிறோம். அதனால் இதை என் மகன் மதிவாணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மி மிதிக்கும்போது மெட்டி போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாயாம். மெட்டி இல்லாத கல்யாணத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. கொப்புளம் வரும் என்று பயந்தால் இப்போதே போட்டுப் பழகு. ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை தூக்கப் போன புதிதில் என் கையும் பிய்ந்துதான் போனது. பிறகு காய்த்துவிட்டது. தோல் என்றால் அப்படித்தான்.

உன் அத்தை,
சந்திரமதி


பெர்மாஸ் ஜெயா
13-5-2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடியே போட்டேன். கடைக்குப் போய் வருவதற்குள் விரலிடுக்கெல்லாம் கொப்புளம். இப்போது செருப்புக்கூடப் போட முடியாமல் வீட்டில் கிடக்கிறேன்.

சிமெண்டுக்குள் கம்பி கட்டுவது போலத் தோலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கெரட்டின் என்ற புரத இழை உண்டு. உங்களுக்கு உரச உரசத் தோல் தடித்தது. எனக்குப் பிறவியிலேயே அந்த இழை பலவீனம். உரசினால் குலைந்து கட்டிகட்டியாகிவிடும். செல்லே அதைக் கழிவென்று எண்ணிச் சிதைக்கப் பார்க்கும். பிறகு செல் கிழிந்து நீர் கோக்கும். என் தோலில் துளி எடுத்து டாக்டர் மைக்ராஸ்கோப்பில் காட்டினார், நானே பார்த்தேன். இது பழகினால் போகிற விஷயம் இல்லை அத்தை.

பெண் பார்க்க வந்தபோதே இதைச் சொன்னோம். பிள்ளைக்கும் வரலாம் என்பதும் மதிக்குத் தெரியும். நான் எதையும் மறைக்கவில்லை.

லோஷினி


காஹாங்
20-5-2025

லோஷினிக்கு,

கால் எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தடவு.

நீ எழுதியதில் பாதி புரிந்தது. சரி, ஒரு அரை மணி நேரம். மண்டபத்தில் போட்டுக்கொள், காரில் ஏறியதும் கழற்றி வீசு. என் நாத்தனார் அங்கம்மா முன்வரிசையில் உட்கார்ந்து உன் காலைத்தான் பார்ப்பாள். என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்று, தாயே.

சந்திரமதி


பெர்மாஸ் ஜெயா
27-5-2025

அத்தைக்கு,

அரை மணி நேரமும் முடியாது. அங்கம்மா சித்தி பார்ப்பதற்காக என் கல்யாணத்தன்று நான் நொண்ட மாட்டேன். அம்மி மிதிக்கிறேன், தாலி கட்டிக்கொள்கிறேன். மெட்டிதான் வேண்டும் என்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள். மதியிடமும் சொல்லிவிட்டேன். அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆனாலும் மாற்றமில்லை.

லோஷினி


காஹாங்
8-6-2025

லோஷினிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இவ்வளவு திமிரா என்று மதியிடம் கத்தினேன். எதற்கும் வாய் திறக்காதவன், "அவ கால்ம்மா, அவதான் முடிவு பண்ணணும்" என்றான்.

நேற்று அங்கம்மா வந்தாள். "சீக்குக்காரப் பொண்ணு லா, இப்பவே நிறுத்திடு. நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வந்தா என்ன செய்வே?" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "வந்தா என் பேரப்பிள்ளை, நான் தூக்கி வளர்ப்பேன். நீ டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்று சொல்லிவிட்டேன். உன்னைத் திட்டுவதென்றால் நான் திட்டுவேன், அவள் யார்?

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அதைக் கல்யாணத்துக்குப் பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம். நீ மெட்டி இல்லாமலே வா. எவளாவது உன் காலைப் பார்த்தால், அவள் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமியார்,
சந்திரமதி