ராகேலுக்கு வேறே பேச்சு

ஜெபமணி அப்பாவுக்கு,

அடுத்த வீட்டில் ராகேலைக் குளிப்பாட்டி உடுத்தப் போகிறேன். அவள் மகன் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்குவான். அழைத்து வந்து கஞ்சி கொடுங்கள். ரேஷன் அரிசிதான், துவையல் மூடி வைத்திருக்கிறேன்.

காலைச் சண்டை இன்னும் தீரவில்லை. சபையில் செத்த பெண்களுக்கெல்லாம் உங்களிடம் ஒரே பேச்சு: நல்ல மனைவி, நல்ல தாய், பக்தியுள்ளவள். பேரை மட்டும் மாற்றுவீர்கள். தாசம்மாள் அடக்கத்தில் அதையும் மறந்தீர்கள்.

இன்றைக்கு ராகேல் அடக்கத்தில் அது வேண்டாம், காலைப் பிடிக்கிறேன். புருஷன் போனபின் மருத்துவச்சி வேலை படித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள். பேறு பார்க்கும் வீடுகளில் சங்கீதத்தை அவர்கள் பாஷையிலேயே வாசிக்கவென்று, அறுபது வயதில் மலையாளம் எழுத்துக் கூட்டினாள்.

"பரீட்சைக்கா போறே, ராகேலு?" என்று கேலி செய்தேன்.

"ஆமாட்டீ, அதான் ஜன்னல்ல காவலுக்கு நீ நிக்கியே!" என்றாள்.

தூரத்திலிருக்கும் அவள் பிள்ளைகளுக்கே இது தெரியாது. எட்டிப் பார்த்த எனக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து சொல்வேன். பாதிரி ஐயர் முறைத்தாலும் உட்கார மாட்டேன்.

எஸ்தர்

பி.கு.: கறுப்புக் கோட்டு கொடியில் காய்கிறது.

இன்னொன்று. நான் எழுந்தால் அழுகைதான் வரும், ஒரு வார்த்தை வராது. நீங்களே சொல்லிவிடுங்கள்.