குழல்வாய்மொழிக்குப் பாதுகாவலர் கேட்டு

அனுப்புநர்
ச. வல்லிநாயகம் (வயது 59),
பதிவறை எழுத்தர், அரசுப் பள்ளி,
வீடு: வாய்க்கால் கீழத் தெரு, மேலகரம்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
சட்டப் பாதுகாவலர் நியமனக் குழு,
தென்காசி.

பொருள்: அறிவுசார் குறைபாடுடைய என் மகள் வ. குழல்வாய்மொழிக்கு (வயது 31) அவளுடைய சித்தியைச் சட்டப் பாதுகாவலராக நியமிக்க மறுத்த ஆணையை ரத்து செய்து, 23.06.2025-க்குள் மறுவிசாரணை நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. 15.05.2025 அன்று நடந்த விசாரணை. 2. 06.06.2025 அன்று என் கைக்கு வந்த ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இம்மாதம் 30ஆம் தேதி பணி ஓய்வு பெறுகிறேன். எனக்கு ஒரே மகள். வீட்டில் மொழி என்று கூப்பிடுவோம். சுமார் இருபது சொற்கள் பேசுவாள். தலை பின்னிக்கொள்ளவும் மாத்திரை போடவும் அவளுக்கு ஆள் வேண்டும். என் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அவளுக்குச் சேரவும், அவள் பெயருக்கு நான் எழுதி வைத்திருக்கும் வீட்டை யாரும் பறித்துக்கொள்ளாமல் இருக்கவும் சட்டப் பாதுகாவலர் தேவை. ஓய்வூதியக் கருத்துருவிலும் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள்.

2. இதற்கெல்லாம் என் மனைவி இராமலட்சுமி இருக்கிறாள் என்ற தைரியத்தில் இருந்தேன். என்னைவிட ஏழு வயது இளையவள். எனக்குப் பின்னால்தான் அவள் என்று நாங்கள் இருவருமே கணக்குப் போட்டிருந்தோம். 19.01.2025 அன்று காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுச் சாய்ந்தவள், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பாதி பின்னிய ஜடையை மூன்று நாட்கள் யாரையும் தொட விடவில்லை மொழி.

3. நான்காம் நாள் அவள் தொட விட்டது என் மனைவியின் தங்கை அகிலாண்டேஸ்வரியை (வயது 46). கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கடையத்தில் தையல் தொழில் செய்துவந்தவர், தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரைத்தான் பாதுகாவலராகக் கேட்டிருந்தேன்.

4. 15.05.2025 அன்று மூவரும் விசாரணைக்கு வந்தோம். விசாரித்த அலுவலர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கனிவாகத்தான் கேட்டார். “ஏம்மா, நீ யார்கூட இருக்கப் போற?” என்றார். என் மகள் உடனே, “அம்மா கூட” என்றாள். அவர் சித்தியைக் காட்டி, “இவங்ககூட இருக்கியா?” என்று கேட்டார். அவள் மறுபடியும், “அம்மா கூட” என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது வாசலைப் பார்த்தாள். ஆணையில், “தெளிவாகப் பதிலளிக்கவில்லை, சித்தியுடன் வசிக்க விருப்பம் தெரிவிக்கவில்லை” என்று எழுதப்பட்டுள்ளது.

5. ஐயா, அவள் தெளிவாகத்தான் சொன்னாள். அதை நிறைவேற்றத்தான் எங்களால் முடியாது. தாய் இறந்ததை மனுவில் குறிப்பிட்டிருந்தேன். அன்று நிறையப் பேர் காத்திருந்ததால் அலுவலர் அதைக் கவனித்திருக்க மாட்டார். நான் அங்கேயே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் அலுவலகத்திலேயே கிடந்தவன், வாய் திறக்க முடியாமல் நின்றேன். அது என் தவறு. அதற்கு என் மகளைத் தண்டிக்க வேண்டாம்.

6. விசாரணை முடிந்து ஊர் திரும்பப் பஸ் ஏறினோம். உட்கார்ந்த பிறகு அகிலா, “அத்தான், பிள்ளைக்கு என்னையப் பிடிக்கலியோ? நான் வேணா கடையத்துக்கே போயிருதேன்” என்று சொல்லி அழுதார். மொழி அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

7. சாரல் தொடங்கியதும், ஒவ்வொரு வருடமும்போல் 08.06.2025 அன்று மகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனோம். பெண்கள் குளிக்கும் பக்கம் நான் போக முடியாது. அகிலாதான் கூட்டிப் போனார். அம்மா வழக்கமாக அவள் ஜடையை அவிழ்த்துவிடும் இடத்திலேயே மொழி நின்றுவிட்டாளாம். அரை மணி நேரம் நகரவில்லை. பின்னால் நின்ற பெண்கள், “ஏட்டி, தள்ளி நில்லு” என்று சத்தம் போட்டும் அகிலா அவளை இழுக்காமல், கூடவே நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். குளிக்காமலேயே திரும்பி வந்தார்கள். வந்ததும் மொழி தன் துண்டை எடுத்துச் சித்தியின் தலையைத் துவட்டினாள். இத்தனை வருடத்தில் தாயைத் தவிர வேறு யாருக்கும், எனக்குக்கூட, அவள் அதைச் செய்தது கிடையாது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

8. இன்னொன்றையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். என் இருதயத்தில் மூன்று அடைப்புகள் உள்ளன. திருநெல்வேலியில் 24.06.2025 அன்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பணியில் இருப்போருக்கான மருத்துவக் காப்பீடு இம்மாதத்தோடு எனக்கு முடிகிறது. ஓய்வூதியர்களுக்கான புதிய அட்டை எப்போது கைக்கு வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மருத்துவர், “தள்ளிப் போடாதீங்க” என்கிறார். ஆனால் நான் ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்து வராவிட்டால், மறுநாள் என் மகளுக்காகக் கையெழுத்துப் போட சட்டப்படி ஒருவரும் இல்லை. அப்படி விட்டுவிட்டு என்னால் போய்ப் படுக்க முடியாது. ஆணை வராவிட்டால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். இதை மிரட்டலாகத் தாங்கள் கருத வேண்டாம். வேறு வழி தெரியவில்லை.

9. எனவே, 23ஆம் தேதிக்குள் ஓர் அலுவலரை எங்கள் வீட்டுக்கே அனுப்பி மறுபடி விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். யாருடன் இருப்பாய் என்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நாளிலிருந்து அவள் தினமும் சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வருகிற அலுவலர் எதுவும் கேட்காமல், அகிலாவை மட்டும் அடுத்த அறைக்குப் போகச் சொல்லட்டும். போனதும் மொழி என்ன செய்கிறாள் என்று பார்த்து, அதை அவளுடைய வாக்குமூலமாக எழுதிக்கொள்ளட்டும்.

தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ச. வல்லிநாயகம்

இடம்: மேலகரம்
நாள்: 12.06.2025

இணைப்பு: மனைவியின் இறப்புச் சான்று, மகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவரின் கடிதம் ஆகியவற்றின் நகல்கள்.