இடது கை

திருப்பரங்குன்றம்
12 ஜூலை 2025

அன்புள்ள சத்யா,

நலமா? பத்து நாட்டுப் பிள்ளைகளுக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுக்க நீ எழுதிய பாடம் என் மூன்றாம் வகுப்புக்கும் வந்துவிட்டது. ‘மாடு, சைக்கிள், மரம். இதில் எது சேராது?’ முதல் கேள்விக்கே வகுப்பு சந்தையாகிவிட்டது. ஒச்சாயி என்றொருத்தி எழுந்து, “மாடுதான் டீச்சர். அது மட்டுந்தான் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும்” என்றாள். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. உங்கள் நிறுவனத்து ஆட்கள் வீடியோ எடுக்க வரும்போது ஆளுக்கொரு பதில் சொன்னால் பள்ளி மானம் போய்விடுமாம். ‘மரம், ஏனென்றால் அது நகராது’ என்று ஹெச்.எம். யேசுதாஸ் சார் போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார். யோசிப்பதற்கு மனப்பாடம்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

உன்
பெர்சி

லீட்ஸ்
9 ஆகஸ்ட் 2025

பெர்சிக் குட்டி,

வீடியோ பார்த்தேன். ஒரு கைகூடக் கீழே இல்லை! இங்கே எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற நாட்டுப் பள்ளிகளுக்கும் இதையே மாதிரியாக அனுப்பப்போகிறோம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

சத்யா

திருப்பரங்குன்றம்
11 ஆகஸ்ட் 2025

சத்யா,

கைதட்டினீர்களா? டீச்சர் டிரெய்னிங்கில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த அதே பழைய வித்தைதானடி. பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை; டீச்சர் எழுப்புவது வலது கைக்காரர்களை மட்டும். ஒச்சாயி இனி எப்போதும் இடது கைதான் தூக்க வேண்டும் என்று சார் உத்தரவு. அவள் வாயே திறப்பதில்லை.

என் சொல் இங்கே அம்பலம் ஏறாது. நீ சொன்னால் சார் கேட்பார். ‘காரணம் சொன்னால் எந்தப் பதிலும் சரி’ என்று அவருக்கு ஒரே ஒரு வரி எழுது. அது போதும்.

பெர்சி

லீட்ஸ்
30 ஆகஸ்ட் 2025

பெர்சி,

கோபப்படாதே. இடது கைகளை நானும் பார்த்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனால் அந்த வீடியோவைக் காட்டித்தான் அடுத்த வருடத்துக்கு நிதி கேட்டிருக்கிறோம். இப்போது நான் அப்படி எழுதினால் எல்லாமே சிக்கலாகும். சார் எழுதிய பதிலையே எல்லா நாட்டுக்கும் விடைக்குறிப்பாக அனுப்பச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய? கொஞ்சம் அனுசரித்துப் போ. அடுத்த பாடத்தை இந்த மெயிலோடு அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்
சத்யா

திருப்பரங்குன்றம்
3 செப்டம்பர் 2025

சத்யப்ரியா அவர்களுக்கு,

அடுத்த பாடம் வேண்டாம். இன்று சார் வாசலில் நிற்கும்போதே ஒச்சாயியை வலது கையைத் தூக்கச் சொன்னேன். எனக்கு மெமோ வரும். வரட்டும்.

எழுந்தவள் என்னையே கேட்டாள்: “இந்தக் கேள்விய எழுதுன டீச்சரு, நான் சொன்னது சரின்னு சொல்லுவாங்களா?”

நான் இடது கையைத் தூக்கினேன்.

இப்படிக்கு
பெர்சி