ஆறு சரணமும் வெறுங்காலும்

நவம்பர் 12, புதன்

எங்கள் மலைநடைக் குழுவுக்குத் தலைவனாகிவிட்ட பிராங்ளின் இன்று என்னிடம் சாக்கை ஒப்படைத்தான். தேயிலைக் கொழுந்துச் சாக்கு. செயலாளரிடம்தான் இருக்க வேண்டுமாம். ஊட்டியில் முதல் உறைபனி விழும் காலையில், புதிதாகச் சேர்ந்தவர்களின் ஷூக்களை இதில் வாங்கி வைத்துக்கொள்வேன். அவர்கள் கல்லூரி மைதானப் புல்லில் வெறுங்காலோடு நின்று குழுப் பாட்டைப் பாட வேண்டும். ஆறு சரணம். யாராவது காலைத் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து.

"ஏழு ஜோடி. மாத்திக் குடுத்து மானத்தை வாங்கீராத, கெஸி" என்றான். மூன்று வருஷமாக என் டிபன் பாக்ஸைக் காலி செய்கிறவன் பேச்சைப் பார்.

நவம்பர் 14, வெள்ளி

முதல் வருஷ மாணவி அல்ஃபியா ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டோடு ஹாஸ்டலுக்கு வந்தாள். அவள் அத்தாவுக்குக் கடைவீதியில் ஸ்வெட்டர் கடை. சனிக்கிழமை நடையில் எல்லோருக்கும் முன்னால் ஓடுவாள், வாய் மட்டும் பின்னால் வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கும். இந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

"போன குளிருக்கு என் கால் விரலெல்லாம் வீங்கி வெடிச்சிருச்சுங்க்கா. இந்த வருசம் அத்தா கம்பளி சாக்ஸ் குடுத்திருக்காரு" என்றாள். பிறகு, "பனி விழற அன்னைக்கு என்னமோ பண்ணுவீங்களாமே, என்னதுங்க்கா?" என்று கேட்டாள்.

"சும்மா ஒரு பாட்டு" என்று சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

என்னுடைய முதல் வருஷ டைரியை எடுத்துப் பார்த்தேன். "பனியில் நின்றோம். செம ஜாலி. கால் ஒன்றும் ஆகவில்லை." நான்கு நாள் கழித்து: "சர்ச்சுக்குப் போகவில்லை. ஷூவுக்குள் கால் நுழையவில்லை."

யாரும் படிக்காத டைரியில் யாருக்குப் பயந்து பொய் எழுதினேன்?

நவம்பர் 19, புதன்

கேன்டீனில் பிராங்ளினிடம் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் வேண்டாம் என்று.

"நாமெல்லாம் நிக்கலையா? நின்னதுனாலதான் இப்படி ஒட்டிக்கிட்டிருக்கோம்."

"அன்னைக்குப் பதினோரு பேரு நின்னோம். இப்ப எத்தனை பேரு இருக்கோம்?"

நான்கு. விரல் விட்டு எண்ணினான், பிறகு கையை மடக்கிக்கொண்டான். "ராகிங் மாதிரி பேசாத. யாரையாச்சும் அடிச்சமா?"

அட்மிஷன் அன்று ராகிங் செய்ய மாட்டேன் என்று அப்பாவும் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பனியில் நிற்க வைப்பது அதில் வராது என்று குழுவில் எல்லோரும் நினைத்துக்கொண்டோம் போல.

நிறுத்தாவிட்டால் குழுவுக்குப் பொறுப்பான ஐவி மேடத்திடம் போவேன் என்றேன். "நீயா?" என்றான். டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

அந்த "நீயா"வுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஜூடித் ஐந்தாவது சரணத்தில் காலைத் தூக்கினாள். "முதல்லயிருந்து!" என்று கத்தியது நான்தான். சிரித்துக்கொண்டே கத்தினேன். அடுத்த வாரமே அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள். இதை இதுவரை எழுதவே இல்லை.

நவம்பர் 20, வியாழன்

பிராங்ளின் சாப்பிட வரவில்லை. டிபன் பாக்ஸில் பாதி மிஞ்சியது.

நவம்பர் 24, திங்கள்

போய்விட்டேன். ஐவி மேடத்திடம். "பாட்டுன்னுதானே வருசா வருசம் பர்மிஷன் வாங்குனீங்க. ஷூவைப் பத்தி யாரும் சொல்லலையேம்மா" என்றார். முகம் வாடிவிட்டது. நடந்ததையெல்லாம் எழுதிக் கேட்டார். முதல் வரியில் என் பெயரைத்தான் எழுதினேன்.

விஷயம் ராகிங் தடுப்புக் கமிட்டிக்குப் போகிறது. என் செயலாளர் பதவி போயிற்று, பிராங்ளினின் தலைவர் பதவியும். சாக்கு மேடத்தின் பீரோவில். பனி விழும் அன்று அவரே மைதானத்துக்கு வருவாராம்.

ஜூடித்துக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை. ஏன் போட வேண்டும்?

டிசம்பர் 2, செவ்வாய்

கேன்டீன் சண்டைக்குப் பிறகு பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்று பிராங்ளினிடமிருந்து மெசேஜ். "பர்ஸ்ட் இயர்ல என் கட்டைவிரல் நகம் விழுந்துருச்சு. முளைக்க ஆறு மாசமாச்சு. உன்கிட்டகூடச் சொல்லலை." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "நாளைக்கு என்ன சாப்பாடு?"

தக்காளி சாதம் என்று போட்டேன். அழுகை வந்தது. வீணாப்போனவன்.

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் பனி. மைதானம் முழுக்க வெள்ளை. எல்லோரும் ஷூவோடு வட்டமாக நின்றோம். அல்ஃபியா கம்பளி சாக்ஸைத் தூக்கிக் காட்டிவிட்டு நின்றாள். பாட்டைத் தொடங்கும் நேரத்தில் ஜூடித் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. என் எதிரே வந்து நின்றாள்.

முதல் வருஷம் நானும் ஆறு சரணமும் பாடியிருக்கிறேன், ஒரு சொல்கூடக் காதில் விழுந்ததில்லை. மழைக்கு ஒதுங்கியவனுக்கு இடம் கொடுக்கும் ஒரு வீட்டைப் பற்றிய பாட்டு அது. இன்றுதான் தெரிந்தது.

ஐந்தாவது சரணத்தில் ஜூடித் என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே இடது காலைத் தூக்கினாள். கீழே வைக்காமல் நின்றாள்.

நான் வரியை விட்டுவிட்டேன். பக்கத்தில் பிராங்ளின்தான் சத்தத்தைக் கூட்டி அடுத்த வரியைப் பாடினான். எல்லோரும் பாடினார்கள். ஆறாவது சரணம் முடிந்த பிறகுதான் அவள் காலைக் கீழே வைத்தாள்.