ஒரு கிழமைக் காய்ச்சல்

அன்புள்ள ஜெரோம்,

கட்டுகஸ்தோட்டைப் பங்கு மக்களுக்கும், பரலோகத்துக்கு வீடு மாறிப் போனவர்களுக்கும் இத்தால் அறியத் தருவது: உங்கள் வீட்டுப் பூனை கோயில் கீபோர்டின் மேல், உன் அம்மா தைத்துக் கொடுத்த வெல்வெட் உறைக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது. தாயும் பிள்ளைகளும் நலம். டோ, ரே, மி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. தகப்பன் யாரென்று தெரியாததால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

பவுல் ரோமருக்குக் கடிதம் எழுதினார். பால்ராஜ் ஜெரோமுக்கு எழுதுகிறேன். அவர் ஆசையைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் எழுதினார். நானும் அதற்குத்தான் வந்தேன். பூனையைக் காட்டிக் கொஞ்ச நேரம் கடத்தப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நீ போய் ஆறு மாதம். கீபோர்ட் இப்போது என் கையில். ஞாயிறு தோறும் பூசைக்கு வாசிக்கிறேன், பாடகர் குழுவே வாயைப் பிளக்கிறது. உன்னைவிடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் ஸ்டைல். கோபிக்காதே.

'சோதனை' என்ற சொல்லை வைத்து நாம் போட்ட கூத்து ஞாபகம் இருக்கிறதா? பரலோக மந்திரத்தில் அந்தச் சொல் வரும்போது, தவணைப் பரீட்சைக் காலத்தில் நாம் இரண்டு பேர் மட்டும் கத்திச் சொல்வோம். கணக்குப் பாடத்துக்காக ஆண்டவருக்கு ஒரு நேரடி விண்ணப்பம். சிஸ்டர் திரும்பிப் பார்ப்பார். நீ கண்ணை மூடிப் புனிதராகிவிடுவாய். மாட்டுவது நான்.

அதே சிஸ்டரிடம் மறைக்கல்வி வகுப்பில் நான் கேட்டேன். "சிஸ்டர், மனசுல ஆசை வந்தாலே பாவமா? அப்பிடின்னா ரோல்ஸ் கடைய தாண்டி கோயிலுக்கு வாற நாங்க எல்லாரும் நரகம்தானே."

"ஆசை வாறது பாவமில்ல பால்ராஜ். இயேசுவுக்கும்தான் சோதனை வந்துச்சு. அது நுளம்பு மாதிரி, எங்க இருந்தாவது பறந்து வரும். நீ தேங்காச் சிரட்டையில தண்ணி தேக்கி வச்சு அத வளத்தீன்னா, அதுதான் பாவம்."

நீ கையை உயர்த்தினாய். "சிஸ்டர், இவன் மண்டையே ஒரு சிரட்டைதான்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நீ சொன்னது சரி. அன்றைக்கே அதில் தண்ணீர் நின்றது.

இயேசு பிறந்த இரவு நத்தார் பூசைக்குக் கீபோர்ட் வாசிக்க உன்னைத் தெரிவு செய்தார்கள். எனக்குக் கிடைத்தது உன் பாட்டுக் கொப்பியின் பக்கம் புரட்டும் வேலை. ஒரு ஞாயிறு அப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோது அது வந்தது: இவனுக்கு ஒரு கிழமைக் காய்ச்சல் வரட்டும், ஏழே நாள். முதல் தடவை தலையை உதறிவிட்டேன். அடுத்த ஞாயிறு நானே அதைக் கூப்பிட்டேன். மூன்றாம் ஞாயிறு, 'சோதனை' வந்த இடத்தில் நீ வழக்கம்போல் கத்தினாய். பக்கத்தில் நின்ற நான் கத்தவில்லை. ஒரு கிழமை போதும் ஆண்டவரே, கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அளவையும் நானே சொன்னேன், ஜெரோம்.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். எனக்குச் சந்தோஷம். பகல் முழுக்க உன் பாட்டுகளைப் பழகினேன்.

பிறகு ஆஸ்பத்திரி, இரத்தச் சோதனை. டெங்கு என்றார்கள். வார்டில் இருந்து நீ எனக்கு ஒரு மெசேஜ் போட்டாய்: "மச்சான், பூசைக்கு நீ வாசி. மூணாவது பாட்டுல அவசரப்படாத." ஏழாவது நாள் நீ இல்லை. சோதனையில் விழுந்தவன் நான். செத்தவன் நீ.

சுகாதாரப் பரிசோதகர் வந்து உங்கள் வீட்டுப் பூச்சாடிகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார். என்னை யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. உன்னைக் கொன்றது நுளம்பு என்று எனக்குத் தெரியும். அப்படியானால் நான் கேட்டதை ஆண்டவர் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்? ஆசை மட்டும்தான் என்று தள்ளிவிடுவாரா? இரண்டு ஞாயிறு சோறு போட்டு வளர்த்த ஆசையை யார் தள்ளுவார்?

மூன்று சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். இரண்டு தடவை என் முறை வருமுன்பே கழன்றுவிட்டேன். மூன்றாம் தடவை முழந்தாளிட்டே விட்டேன்.

"சொல்லுங்க மகன்" என்றார் ஃபாதர்.

வாயில் வந்தது வேறு. "ஃபாதர், டொய்லட் எந்தப் பக்கம்?"

"நீ ஞானஸ்நானம் வாங்கின நாள்ல இருந்து அதே பக்கம்தான்" என்றார். எழுந்து ஓடினேன். இதற்கு நீ சிரித்திருப்பாய். நான் கோயில் வாசல் தாண்டும் வரை நிற்கவில்லை.

போன கிழமை பாலத்தடி பஸ் தரிப்பில் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நீ போனதில் இருந்து அவர் கோயில் பக்கமே வருவதில்லை.

"வாற ஞாயிறு அவனோட ஆறாம் மாசப் பூசைக்கு வாறேன் மகன். இப்ப நீதானே வாசிக்கிற?"

"ஆமா ஆன்டி."

"அவன் இருந்த கதிரையில நீ இருக்கிறத ஒருக்கா பாத்துட்டா எனக்குப் போதும்."

என் சேர்ட்டின் கொலரைச் சரிசெய்துவிட்டு பஸ் ஏறினார். சொல்லாமல் அந்தக் கதிரையில் எப்படி உட்காருவேன்? சொன்னால், உனக்குப் பிறகு 'மகன்' என்று கூப்பிட அவருக்கு யார் மிச்சம்? நீயாக இருந்தால் என்னடா செய்வாய்?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்தச் சனிக்கிழமை வரிசையில் முதல் ஆள் நான். டொய்லட்டைப் பற்றி மூச்சு விடமாட்டேன். சிரட்டையை அடியோடு கவிழ்த்துவிடுகிறேன். உன் அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வதென்று ஃபாதரிடமே கேட்கிறேன். ஞாயிறு மூன்றாவது பாட்டில் அவசரப்படமாட்டேன்.

இன்னும் ஒன்று. ஞாயிறு தோறும் வாசிக்கிறேன் என்று மேலே அளந்தேனே, நீ இந்தக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே பிடித்திருப்பாய். வாசிக்கிற கீபோர்டின் மேல் எந்தப் பூனை குட்டி போடும்? ஆறு மாதமாகப் பாடகர் குழு வெறும் வாயால்தான் பாடுகிறது. கேட்பவர்களிடம் கை சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாசிக்க என்று அந்த உறையை நான் ஒரு தடவை கூடத் தூக்கவில்லை, மச்சான்.

இப்படிக்கு,
உன் பக்கம் புரட்டும் சகோதரன்,
பால்ராஜ்