லாமோன்ட்டின் மோதிரம்

லாமோன்ட்டுக்கு,

உன் சாம்பியன் மோதிரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் கூடைப்பந்துக் கோப்பையை வென்ற நம்மில் நீ ஒருவன்தான் இன்னும் வாங்கவில்லை. வேறு அணிக்குப் போனவன் பழைய அரங்கத்துக்கு ஆட வரும்போது கேப்டன் கையால் கொடுப்பதுதானே வழக்கம்.

செவ்வாய்க்கிழமை உன் அணி வந்தது. நீ வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள். பதினெட்டாயிரம் பேர் முன்னால் பெட்டியும் கையுமாக நின்றேன். உன் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நம் சட்டை, ஷூக்களைப் பார்த்துக்கொள்ளும் வெண்டெல் மட்டும் சிரித்தார். "முழங்காலாம்ல! முந்தாநாள் நாப்பது நிமிஷம் ஆடியிருக்கான். உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல, கேப்டன். அவ்வளவுதான்."

ஏரி உறைந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

உன்னை அனுப்பியது நிர்வாகத்தின் முடிவு. அதற்கு முன், ஜூலையில், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் இல்லாம ஜெயிச்சிருவீங்களா?"

ஜெயித்துவிடுவோம் என்றேன்.

இந்த சீசனில் இதுவரை பதினொரு வெற்றி, முப்பத்து நான்கு தோல்வி.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் பழைய கேப்டன்