காடைகள் இரை பொறுக்க வரும் நேரம்

என் அன்புக்குரிய வாசுகியின் அப்பா,

நீங்கள் போய் ஒரு மாதம் கழிந்துவிட்டது. மெல்பேர்னில் குளிர் இன்னும் குறையவில்லை. ஊரிலிருந்து வரும் ஏரோகிராம்களில் எல்லாரும் "அழுங்கோ, அழுதால்தான் ஆறும்" என்றே எழுதுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உடுப்புத் தோய்க்கிறேன், சோறு வடிக்கிறேன், பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

அன்று காலை தோசை சுட்டு வைத்திருந்தேன். "பனி காயும் வரைக்கும் காடை புல்லுக்குள்ள பதுங்கியிருக்கும். வெயில் ஏறினால்தான் அறுத்த வயலில சிந்தின கோதுமை பொறுக்க வரும். இப்ப போனால்தான் சரி. வந்து சாப்பிடுறன்" என்று வேட்டைத் துவக்கையும் எடுத்துக்கொண்டு கிரெய்கிபர்ன் வயலுக்குப் போனீர்கள்.

மத்தியானம் அந்த வயலின் சொந்தக்காரர் கெவின் வந்து வாசலில் நின்றார். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அறுத்த வயலின் அரிதாளுக்குள் அப்படியே இருந்துவிட்டீர்களாம். பிறகு எழும்பவில்லையாம். நான் அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன்?

ஐயர் இல்லாத ஊரில், எங்களுக்குத் தெரிந்த மாதிரி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தோம். மறுநாள் கெவின் திரும்பவும் வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய நாலு காடைகள்.

"அன்று அவர் சுட்டவை. ஃபிரீஸரில் வைத்திருந்தேன். எறிய மனம் வரவில்லை" என்றார்.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோம்மா. நீங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டியள்தானே" என்றாள் வாசுகி.

நான் வாங்கிவிட்டேன்.

நீங்கள் சமைக்கும் பின்கொட்டிலில் வைத்து நானே துப்புரவாக்கினேன். நீங்கள் செய்வதுபோல இரைப்பையையும் கீறிப் பார்த்தேன். உடையாத கோதுமை மணிகள், கொஞ்சம் களைவிதை. அதுகள் சாப்பிட்டுவிட்டன. நீங்கள்தான் வெறும் வயிற்றோடு போனீர்கள். அதை நினைத்தும் கண் நனையவில்லை.

மிளகும் சீரகமும் போட்டுப் பிரட்டினேன். ருசி பார்க்கவில்லை.

"உப்புக் காணாதம்மா."

"போட்டுச் சாப்பிடு பிள்ளை."

"அப்பா இன்னும் உறைப்பாய்ச் செய்வார்."

சொல்லிவிட்டு வாசுகி விம்மி விம்மி அழுதாள். அழுதழுதே முழுவதையும் சாப்பிட்டாள். உங்களுக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

கெவின் அந்த வயலை இன்னும் உழவில்லை. உழுவதற்கு முன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நீங்கள் விழுந்த இடத்துக்கு ஒருதரம் வருவேன். வந்தால் அழுவேனோ தெரியாது. அழுகை வராவிட்டாலும் வருவேன்.

உங்கள் மனைவி,
பூரணம்